ஒண்டுக்குடித்தனத்தின் சுவர்கள்

2015ஆம் ஆண்டு மே 13 அன்று, உலகெங்கும் சர்வர்களைப் பராமரிப்பவர்கள் தங்கள் கணினிகளுக்குள் தேட வேண்டியிருந்த பொருள் விசித்திரமானது: ஃப்ளாப்பி டிரைவ். அந்தச் சர்வர்களில் ஃப்ளாப்பியைச் செருகும் வாயே கிடையாது. தரவு மையங்களின் குளிரறைகளிலிருந்து ஃப்ளாப்பி மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் அதை இயக்கும் மென்பொருள் துண்டு உள்ளே உயிரோடு இருந்தது. அதில் ஓர் ஓட்டையும் இருந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஆய்வாளர் ஜேசன் கெஃப்னர் கண்டுபிடித்த அந்த ஓட்டைக்கு 'வெனம்', அதாவது நஞ்சு, என்று பெயர் சூட்டியிருந்தார்கள். வாடகைக்கு எடுத்த ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குள் உட்கார்ந்திருப்பவர், அதன் சுவரை உடைத்துக்கொண்டு, அதைத் தாங்கி நிற்கும் அசல் கணினிக்கே வந்துவிடலாம். அங்கிருந்து பக்கத்து இயந்திரங்களுக்குள்ளும் நுழைய முயலலாம். அந்தப் பிழை நிரலுக்குள் புகுந்தது 2004இல். யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய திறந்த மூல நிரலில் பதினோரு ஆண்டுகள் யார் கண்ணையும் உறுத்தாமல் கிடந்திருக்கிறது.

மெய்நிகர் இயந்திரங்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது ஓட்டைகளை எண்ணிக்கையாக அடுக்குவது வழக்கம். எனக்கு வேறொரு கேள்வி முக்கியமாகப் படுகிறது. இந்தச் சுவர் கடந்த இருபது ஆண்டுகளில் பலமுறை உடைந்திருக்கிறது. ஏன் திரும்பத் திரும்ப ஒரே மாதிரியான இடங்களில் உடைகிறது? நெடுங்காலமாக நடந்த உடைப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், யாரும் புழங்காத, ஆனால் யாரும் இடிக்கவும் இல்லாத பகுதிகளில்தான் விரிசல் அதிகம் விடுகிறது என்பது தெரிகிறது. எல்லா உடைப்புகளையும் இந்த ஒரு விளக்கத்துக்குள் அடைக்க முடியாது. அடங்காதவற்றையும் பார்க்கத்தான் வேண்டும்.

சென்னையின் பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளை அறிந்தவர்களுக்கு மெய்நிகர் இயந்திரத்தை விளக்குவது எளிது. ஒரே கட்டடம், ஒரே கிணறு, ஒரே முற்றம். உள்ளே ஏழெட்டுக் குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி அடுப்பு, தனிப் பூட்டு. இங்கே கட்டடம் என்பது ஓர் அசல் சர்வர். செயலி, நினைவகம், டிஸ்க் எல்லாம் பொதுச் சொத்து. அவற்றைப் பங்கு பிரித்துக் கொடுக்கும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள்தான் வீட்டுக்காரர். ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே குடியிருப்பவருக்குத் தான் ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பதே தெரியக் கூடாது. தனி வீட்டில் தனியாக வாழ்வதாக அவருடைய இயங்குதளம் நம்ப வேண்டும். இந்த நம்பிக்கையைக் காப்பாற்ற வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலைகளில்தான் எல்லாச் சிக்கலும் பிறக்கிறது.

யோசனை பழையது. 1960களில் ஐ.பி.எம். நிறுவனம் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் நடத்திய ஆய்வு மையத்தில் இது உருவெடுத்து, 1972இல் வி.எம்./370 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1974இல் ஜெரால்ட் போபெக்கும் ராபர்ட் கோல்ட்பெர்க்கும் ஒரு கட்டுரையில் மூன்று நிபந்தனைகளை வகுத்தார்கள். அசல் இயந்திரத்தில் நிரல் எப்படி ஓடுமோ அப்படியே மெய்நிகர் இயந்திரத்திலும் ஓட வேண்டும். பெரும்பாலான கட்டளைகள் இடையூறின்றி நேரே செயலியில் ஓட வேண்டும். எல்லா வளங்களின் மீதும் கடைசி அதிகாரம் வீட்டுக்காரரிடமே இருக்க வேண்டும். மூன்றாவதுதான் பாதுகாப்பு வாக்குறுதி. நம் மேசைக் கணினிகளின் எக்ஸ்86 செயலிகள் வெகுகாலம் இந்த நிபந்தனைகளுக்குப் பொருந்தாமலே இருந்தன. வீட்டுக்காரருக்குத் தகவல் போகாமல் குடித்தனக்காரர் செய்துவிடக்கூடிய பதினேழு கட்டளைகள் பென்டியம் செயலியில் இருந்தன என்று 2000இல் ஓர் ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. 1999இல் வந்த வி.எம்.வேர் அதை நிரல் சாமர்த்தியத்தால் சமாளித்தது. 2003இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஸென், குடியிருக்கும் இயங்குதளத்தையே திருத்தி எழுதிச் சமாளித்தது. 2005இல் இன்டெலும் 2006இல் ஏ.எம்.டி.யும் செயலிக்குள்ளேயே இதற்கான வசதியைச் சேர்த்தன. அதோடு செயலியைப் பங்கிடும் வேலை பெருமளவு சிலிக்கானுக்குப் போய்விட்டது. 2006இல் அமேசான் மெய்நிகர் கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. 2007இல் லினக்ஸ் கருவுக்குள் கே.வி.எம். என்ற ஹைப்பர்வைசர் சேர்ந்தது. முன்பின் தெரியாதவர்கள் ஒரே கூரைக்குக் கீழே படுத்துறங்கும் உலகம் இப்படித்தான் வந்தது.

செயலியைப் பங்கிட்டால் மட்டும் ஒரு கணினி உருவாகிவிடாது. ஓர் இயங்குதளம் விழித்தவுடன் கைகளை நீட்டித் தேடும்: டிஸ்க் எங்கே, நெட்வொர்க் கார்டு எங்கே, திரை எங்கே, விசைப்பலகை எங்கே, கடிகாரம் எங்கே என்று. இல்லையென்றால் தடுமாறி நின்றுவிடும். எனவே வீட்டுக்காரர் இந்தக் கருவிகளின் வேடங்களையெல்லாம் தானே போட வேண்டியிருக்கிறது. இந்தக் கலையில் தேர்ந்தது க்யூஎமு. ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சு நிரலாளர் 2003இல் வெளியிட்ட மென்பொருள் இது. கே.வி.எம்., ஸென் இரண்டுமே கருவி வேடங்களுக்கு இதைத்தான் கடன் வாங்கின. க்யூஎமு வழக்கமாக நடித்துக் காட்டுவது 1996இல் வெளிவந்த இன்டெலின் 440எஃப்எக்ஸ் சிப்செட் கொண்ட தாய்ப்பலகையை. அந்தக் காலத்துப் பலகையில் ஃப்ளாப்பி கட்டுப்படுத்தி இருந்தது. ஆகவே நடிப்பிலும் இருந்தது. அதில் அப்போது நியாயமும் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி நிறுவும்போது டிஸ்க்குக்கான டிரைவரை ஃப்ளாப்பியிலிருந்துதான் கேட்கும்.

வெனம் எப்படி வேலை செய்தது என்பதைச் சற்று நிதானமாகவே பார்க்க வேண்டும். இந்த வகைப் பிழைகளின் முகம் முழுவதும் அதில் தெரிகிறது. ஃப்ளாப்பி கட்டுப்படுத்திக்கு இயங்குதளம் கட்டளைகளை ஒவ்வொரு பைட்டாக அனுப்பும். வரும் பைட்டுகளை க்யூஎமு 512 பைட் கொள்ளும் ஒரு பெட்டியில் வரிசையாக வைக்கும். ஃப்ளாப்பியின் ஒரு செக்டார் 512 பைட் என்பதால் அந்த அளவு. அடுத்த பைட்டை எங்கே வைப்பது என்று ஓர் எண்ணி சொல்லும். கட்டளை முடிந்ததும் எண்ணி பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். ஏறக்குறைய எல்லாக் கட்டளைகளிலும் அது ஒழுங்காக நடந்தது. இரண்டே இரண்டு கட்டளைகளில் மட்டும் எண்ணி உடனே திரும்பவில்லை. அந்த இடைவெளியில் குடித்தனக்காரர் பைட்டுகளை அனுப்பிக்கொண்டே இருந்தால், 513ஆவது பைட் பெட்டிக்கு வெளியே விழும், 514ஆவதும் அப்படியே. விழும் இடம் குடித்தனக்காரரின் நினைவகம் அன்று. க்யூஎமு ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரரின் நினைவகம். அங்கே எதை எழுதுவது என்பதை வெளியாள் தீர்மானிக்க முடிந்தால், அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பதையும் அவரே தீர்மானிக்கக்கூடும். திருத்தம் மிகச் சிறியது: எண்ணி எவ்வளவு ஏறினாலும் அதை 512க்குள் சுழன்று வரச் செய்தார்கள்.

'எங்கள் அமைப்பில் ஃப்ளாப்பியை முடக்கிவிட்டோம்' என்று சொன்ன நிர்வாகிகளுக்கும் நிம்மதி கிடைக்கவில்லை. ஸெனிலும் க்யூஎமுவிலும் இதற்குத் தொடர்பில்லாத இன்னொரு குறையால், டிரைவை எடுத்த பிறகும் கட்டுப்படுத்தியின் நிரல் குடித்தனக்காரருக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது. இந்த ஓட்டையைப் பயன்படுத்த, குடியிருக்கும் இயந்திரத்தில் நிர்வாகி உரிமை தேவை என்பதைச் சிலர் ஆறுதலாகச் சொன்னார்கள். என்னால் அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. வாடகை மெய்நிகர் கணினியில் குடித்தனக்காரர்தான் நிர்வாகி. மாத வாடகை கட்டும் எவருக்கும் அந்த உரிமை உண்டு. வி.எம்.வேர், மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி ஆகியவை இந்த ஃப்ளாப்பி நிரலைப் பயன்படுத்தாததால் தப்பின. அமேசானும் தன் வாடிக்கையாளர்களுக்குப் பாதிப்பில்லை என்று அறிவித்தது. அறிவிப்பு வந்த நேரத்தில் இதைக் கொண்டு யாரும் தாக்கியதற்குச் சான்று இல்லை. அதனால் வெனத்தை ஊதிப் பெருக்கிவிட்டார்கள் என்ற விமர்சனமும் எழுந்தது. சேதத்தை மட்டும் கணக்கிட்டால் அந்த விமர்சனம் சரி. ஆனால் ஒரு நிரல் பெரும்பாலோருக்கு எந்தப் பயனும் தராமல் பதினோரு ஆண்டுகள் எல்லோருடைய வீட்டிலும் குடியிருந்தது என்ற உண்மையை அது தொடவே இல்லை.

இதற்கு முன்பே எச்சரிக்கை மணி அடித்தவர்கள் உண்டு. கூகுளின் டேவிஸ் ஆர்மண்டி 2007இல் வெளியிட்ட ஆய்வில், அப்போது புழக்கத்தில் இருந்த மெய்நிகராக்க மென்பொருள்களின் கருவி வேடங்களுக்குத் தாறுமாறான தரவுகளை ஊட்டிப் பார்த்தார். சோதித்தவை தடுமாறி விழுந்தன. 2009இல் இம்யூனிட்டி நிறுவனத்தின் கோஸ்ட்யா கோர்ச்சின்ஸ்கி, வி.எம்.வேர் போடும் திரை அட்டை வேடத்தின் வழியாக வெளியேறிக் காட்டினார். அவருடைய 'கிளவுட்பர்ஸ்ட்', இப்படித் தப்பிக்க முடியும் என்பதைக் கருத்தரங்க மேடையில் கண்கூடாக நிறுவிய முதல் சில செயல்விளக்கங்களில் ஒன்று.

2011இல் நெல்சன் எல்ஹாஜ் கே.வி.எம்.மிலிருந்து வெளியேறிய விதம் எனக்கு இன்னும் பிடித்தமானது. மெய்நிகர் தாய்ப்பலகையில் கருவிகளை ஓடும்போதே கழற்றும் வசதி இருந்தது. அசல் பலகையில் கழற்றவே முடியாதபடி ஈயம் வைத்து ஒட்டப்பட்ட சில பகுதிகளையும் அந்த வசதியால் 'கழற்ற' முடிந்தது. அவற்றோடு சேர்ந்து கடிகாரக் கருவியும் போய்விடும். ஆனால் அந்தக் கடிகாரம் வைத்திருந்த அலாரம் மட்டும் பட்டியலில் நிற்கும். நேரம் வந்ததும் அலாரம் அடிக்கும். இல்லாத கடிகாரத்தின் இடத்துக்குப் போய் அங்கே இருப்பதை நிறைவேற்றும். அந்தக் காலி இடத்தில் தாக்குபவர் தன் சரக்கை வைத்திருந்தால் போதும். கடிகாரத்தைக் கழற்றும் தேவை எந்தப் பயனாளருக்கும் ஒருநாளும் வந்திராது.

எல்லா வேடங்களும் பழையவை என்று சொல்லிவிட முடியாது. 2018 நவம்பரில் வர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகராக்க மென்பொருளில் வெளியான ஓட்டை, அது இயல்பாகவே கொடுக்கும் இன்டெல் புரோ/1000 நெட்வொர்க் கார்டு வேடத்தில் இருந்தது. மாணவர்களும் நிரலாளர்களும் ஆயிரக்கணக்கில் அன்றாடம் புழங்கும் அமைப்பு அது. கண்டுபிடித்தவர் அதை வெளியிடும் நிறுவனத்துக்கு முன்கூட்டிச் சொல்லாமல் முழு விவரத்தையும் பொதுவில் வைத்தார். ஓட்டைகளைத் திருத்த மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள் என்பது அவருடைய கோபம். கோபம் நியாயம்தான், ஆனால் அதன் விலையைக் கொடுத்தது திருத்தத்துக்காகக் காத்திருந்த பயனாளர்கள். 2017 மார்ச்சில் வான்கூவரில் நடந்த பௌன்-டு-ஓன் போட்டியில், சீனாவின் 360 நிறுவன அணி எட்ஜ் உலாவியில் ஒரு வலைப்பக்கத்தைத் திறந்ததோடு தொடங்கி, விண்டோஸ் கருவைத் தாண்டி, வி.எம்.வேரின் சுவரையும் தாண்டி அடிக்கணினிக்கு வந்து நின்றது. மூன்று ஓட்டைகள் ஒரே சங்கிலியில். பரிசு 1,05,000 டாலர். சந்தேகத்துக்குரிய கோப்புகளை 'வி.எம்.முக்குள்தானே திறக்கிறேன்' என்ற தைரியத்தில் திறப்பவர்கள் இந்தச் செய்தியை மறக்கக் கூடாது.

இதுவரை பார்த்தவை வேடங்களில் விழுந்த விரிசல்கள். சுவரே பிளந்த கதைகளும் உண்டு. 2015 அக்டோபரில் வெளியான ஸென் ஓட்டையை அலிபாபா நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் கண்டுபிடித்தார். குடியிருக்கும் இயங்குதளத்தையே திருத்தி ஓட்டும் பழைய முறையில், நினைவகப் பக்கங்களின் வரைபடத்தைக் குடித்தனக்காரர் மாற்றக் கேட்கும்போது ஸென் ஒவ்வொரு மாற்றத்தையும் சரிபார்க்கும். ஒரு குறிப்பிட்ட வகைப் பெரிய பக்கத்துக்கு மட்டும் அந்தச் சரிபார்ப்பு விட்டுப்போயிருந்தது. விளைவு, கட்டடத்தின் எந்த அறையையும் தன் அறையாக எழுதிக்கொள்ளும் அதிகாரம். ஏழு ஆண்டுகள் அது அப்படியே கிடந்தது. ஸெனை அடித்தளமாகக் கொண்ட க்யூப்ஸ் இயங்குதளத்தின் குழு இதைத் தாங்கள் கண்டவற்றில் மிக மோசமானதாகக் கருதியது. 2018இல் வந்த நான்காம் பதிப்பில் அந்தப் பழைய முறையிலிருந்தே பெருமளவு விலகிக்கொண்டது.

இன்னொரு வகைப் பிழை இரட்டைப் பார்வையால் வருகிறது. குடித்தனக்காரரின் நினைவகத்தில் எழுதியிருக்கும் ஓர் எண்ணை வீட்டுக்காரர் ஒருமுறை படித்துச் சரிபார்க்கிறார். பிறகு பயன்படுத்தும்போது மறுபடி அதே இடத்துக்குப் போய்ப் படிக்கிறார். இரண்டு படிப்புக்கும் இடையே கண் இமைக்கும் நேரத்தில் ஒரு பாகம்தான் போயிருக்கும். ஆனால் அந்த நினைவகம் குடித்தனக்காரருடையது. இன்னொரு செயலி மையத்திலிருந்து அந்த எண்ணை அதற்குள் மாற்றிவிட முடியும். கூகுள் பிராஜெக்ட் ஜீரோவின் ஃபெலிக்ஸ் வில்ஹெல்ம் 2021இல் விவரித்த கே.வி.எம். ஓட்டை இந்த வகை. க்யூஎமுவின் துணையே இல்லாமல் கே.வி.எம். கருவை மட்டும் உடைத்து வெளியேறியது அதன் சிறப்பு. ஏ.எம்.டி. செயலிகளில் மெய்நிகர் இயந்திரத்துக்குள் இன்னொரு மெய்நிகர் இயந்திரம் ஓட்டும் வசதியில் அது இருந்தது. 2025 மார்ச் 4 அன்று வி.எம்.வேரை வாங்கியிருந்த பிராட்காம் அறிவித்த மூன்று ஓட்டைகளில் முதன்மையானதும் இதே குடும்பம்: சரிபார்க்கும் நேரத்துக்கும் பயன்படுத்தும் நேரத்துக்கும் நடுவே விழுந்த இடைவெளி. மைக்ரோசாஃப்டின் ஆய்வாளர்கள் கண்டு சொன்ன இவற்றுக்கும் வெனத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. திருத்தம் வருவதற்கு முன்பே இவற்றை யாரோ உண்மையான தாக்குதல்களில் பயன்படுத்தியிருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. மேடைச் செயல்விளக்கமாகத் தொடங்கிய வித்தை களவுக் கருவியாகிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை.

ஓட்டை தெரிந்த பிறகு யாருக்கு முதலில் சொல்வது என்பது தனிப் பிரச்சினை. 2014 செப்டம்பர் கடைசியில் அமேசான் தன் வாடகைக் கணினிகளில் பத்து சதவீதத்துக்கும் குறைவானவற்றை மறுதொடக்கம் செய்யப்போவதாக அறிவித்தது. காரணத்தை மட்டும் சொல்லவில்லை. அக்டோபர் 1 அன்று காரணம் வெளியானது. குடித்தனக்காரர் படிக்கக்கூடிய பதிவேடுகளின் எல்லையை ஸென் தவறாக வகுத்திருந்ததால், 256 இருக்க வேண்டிய இடத்தில் 1,024 வரை படிக்க முடிந்தது. பக்கத்து நினைவகம் கசிந்தது. இத்தகைய செய்திகளை முன்கூட்டியே பெற ஸென் திட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இரகசியம் காக்காமல் சொன்னால் எல்லோரும் ஆபத்தில் இருப்பார்கள். காத்துச் சொன்னால் பட்டியலில் இல்லாதவர்கள் மட்டும் ஆபத்தில் இருப்பார்கள். இரண்டாவது வழிதான் குறைந்த தீமை என்று நானும் நினைக்கிறேன். ஆனால் நூறு வாடிக்கையாளர்களோடு சிறிய ஊரில் சர்வர் வைத்திருக்கும் நிறுவனத்தின் பக்கமிருந்து பார்த்தால், பெரியவர்கள் கதவைப் பூட்டிக்கொண்ட பிறகு தெருவில் திருடன் வந்த செய்தி வருவது போலத்தான் இருக்கும். பட்டியலில் சேரும் தகுதியை இன்னும் தாராளமாக வகுக்க வேண்டும்.

சுவரை உடைக்கச் சிரமப்படாமல் வீட்டுக்காரரின் சாவிக்கொத்தையே தூக்கியவர்களும் இருக்கிறார்கள். பணச் சேதத்தைப் பொறுத்தவரை இவர்கள்தான் கொடியவர்கள். 2023 பிப்ரவரி தொடக்கத்தில் 'ஈஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ்' என்ற பிணைத்தொகைத் தாக்குதல், இணையத்தில் திறந்து கிடந்த, வி.எம்.வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ ஹைப்பர்வைசர் ஓடும் சர்வர்களை வாரிச் சுருட்டியது. அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு கணக்கிட்டபடி 3,800க்கு மேற்பட்ட சர்வர்கள். வழியாகச் சுட்டிக்காட்டப்பட்டது, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2021 பிப்ரவரியில், திருத்தம் வெளியிடப்பட்ட ஓர் ஓட்டை. நெட்வொர்க்கில் சேவைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஒரு பழைய துணைநிரலில் அது இருந்தது. பெரும்பாலான நிறுவனங்களுக்கு அந்தத் துணைநிரல் தேவையே இல்லை. ஃப்ளாப்பி கதையேதான், வேறு உடையில். ஒரு சர்வரைப் பூட்டினால் அதற்குள் இருக்கும் எல்லாக் குடித்தனங்களும் சேர்ந்து பூட்டப்படுகின்றன. நல்ல வேளையாக முதல் அலையில் தாக்கியவர்கள் சில கோப்புகளை மட்டுமே குழப்பியிருந்தார்கள். டிஸ்க்கின் பெரும்பகுதி அப்படியே இருந்தது. அதைக் கவனித்த பொறியாளர்கள் மீட்கும் வழியை எழுதி வைத்தார்கள். அதையே அமெரிக்க அமைப்பு ஒரு நிரலாக்கி எல்லோருக்கும் கொடுத்தது. அடுத்த அலையில் தாக்கியவர்கள் அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் லாஸ் வேகஸின் எம்.ஜி.எம். சூதாட்ட விடுதிகளை முடக்கியவர்கள், நூற்றுக்கு மேற்பட்ட ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களைப் பூட்டியதாகத் தாங்களே அறிக்கை விட்டார்கள். ஆளைப் பேச்சில் ஏமாற்றிக் கணக்குகளைக் கைப்பற்றுவதே அந்தக் கும்பலின் தொழில்முறை. இந்த நிகழ்வுகளில் மெய்நிகராக்கத்தின் சுவருக்குக் கீறல்கூட இல்லை. ஒரே சாவியில் முழுக் கட்டடத்தையும் திறக்கலாம் என்ற வசதி, நிர்வாகிக்குக் கிடைத்தது போலவே திருடனுக்கும் கிடைத்தது. சுவரின் ஓட்டைகளைப் பற்றி இத்தனை எழுதும் நாம், சாவி மாட்டியிருக்கும் ஆணியைப் பற்றி எழுதுவது குறைவு.

பிழையே இல்லாத சுவரிலும் ஒலி கசியும் என்பது இன்னொரு கசப்பான செய்தி. 2016இல் ஆம்ஸ்டர்டாமின் வ்ரையே பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நினைவகச் சிக்கனத்துக்காக வீட்டுக்காரர் செய்யும் ஒரு வேலையைத் தங்களுக்குச் சாதகமாக்கினார்கள். இரண்டு குடித்தனங்களில் ஒரே மாதிரியான பக்கம் இருந்தால் வீட்டுக்காரர் ஒன்றை நீக்கிவிட்டு இருவருக்கும் மற்றதையே காட்டுவார். நினைவகச் சில்லின் ஒரு வரிசையைத் திரும்பத் திரும்ப இடித்தால் பக்கத்து வரிசையில் ஒரு பிட் புரளும் என்பது முன்பே தெரிந்த பலவீனம். இரண்டையும் சேர்த்து, அண்டை இயந்திரத்தின் உள்நுழைவுத் திறவியில் ஒரு பிட்டைப் புரட்டி, பலவீனமான அந்தத் திறவியைக் கணக்குப் போட்டு உடைத்து, உள்ளே நுழைந்தார்கள். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற செயலிக் கசிவுகள் வந்தன. ஆகஸ்டில் இன்டெல் செயலிகளின் முதல்நிலை கேஷ் வழியாக அண்டை வீட்டு நினைவகம் கசியும் எல்1டிஎஃப் வந்தது. அதை முழுமையாக அடைக்க வேண்டுமென்றால், ஒரே மையத்தில் இரண்டு இழைகள் ஓடும் வசதியை அணைக்க வேண்டும். அல்லது ஒரு மையத்தை ஒரே நேரத்தில் இரண்டு குடித்தனங்களுக்குக் கொடுக்காமல் இருக்க வேண்டும். இரண்டுமே வாடகைக்கு விடுபவரின் வருமானத்தைத் தொடும் முடிவுகள். 2025 செப்டம்பரில் சூரிச்சின் ஈ.டி.எச். ஆய்வாளர்கள் 'வி.எம்.ஸ்கேப்' என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். அண்டை வீட்டைக்கூட விட்டுவிட்டு, வீட்டுக்காரரின் பக்கம் ஓடும் க்யூஎமுவின் இரகசியங்களையே குடித்தனக்காரர் செயலியின் யூகங்கள் வழியாக ஒட்டுக்கேட்கலாம். ஏ.எம்.டி.யின் 'ஸென் 4' (Zen 4) செயலியில் நொடிக்கு 32 பைட்தான் கசிந்தது. ஒரு குறியாக்கத் திறவியை எடுக்க அது தாராளம்.

இந்த வன்பொருள் கசிவுகளுக்கு ஒரே நாளில் தீர்வு கிடையாது. வேடங்களில் விழும் விரிசல்களுக்கு உண்டு. நான் நம்பிக்கையோடு பேசக்கூடிய பகுதியும் அதுதான். முதல் வழி, வேடம் போடுபவரைச் சிறு அறையில் அடைப்பது. 2009இல் ஃபெடோரா லினக்ஸில் வந்த எஸ்-வர்ட் என்ற ஏற்பாடு, ஒவ்வொரு க்யூஎமுவுக்கும் தனி முத்திரை குத்தி, தன் குடித்தனத்தின் கோப்புகளைத் தவிர வேறெதையும் தொட முடியாமல் செய்தது. வெனம் வந்தபோது இந்த ஏற்பாடு இருந்த சர்வர்களில், சுவரைத் தாண்டி வருபவர் இன்னொரு பூட்டிய அறையில்தான் வந்து விழுவார். இரண்டாவது வழி, வேடங்களையே குறைப்பது. தங்கள் கிளவுடில் கே.வி.எம்.மைப் பயன்படுத்தினாலும் க்யூஎமுவைப் பயன்படுத்துவதில்லை, குறைந்த கருவிகளோடு தாங்களே எழுதியதைப் பயன்படுத்துகிறோம் என்று கூகுள் 2017இல் சொன்னது. அமேசான் அதே ஆண்டு நைட்ரோ என்ற அமைப்பில் கருவி வேடங்களைத் தனி வன்பொருள் அட்டைகளுக்கு மாற்றியது. 2018 நவம்பரில் திறந்த மூலமாக வெளியிட்ட ஃபயர்கிராக்கர், ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது; கொடுக்கும் கருவிகள் மிகச் சில, முக்கியமாக: நெட்வொர்க், டிஸ்க், வீட்டுக்காரரோடு பேச ஒரு வழி, ஒரு தொடர் முனையம், இயந்திரத்தை நிறுத்த மட்டும் ஒரு விசைப்பலகைக் கட்டுப்படுத்தி. யு.எஸ்.பி. இல்லை, திரை இல்லை, ஃப்ளாப்பி இல்லை. கண்டுபிடிப்பவர்களுக்குக் கண்ணியமான கூலியும் வந்திருக்கிறது. 2024இல் கூகுள் தொடங்கிய கே.வி.எம்.சி.டி.எஃப். போட்டியில் கே.வி.எம்.மிலிருந்து முழுமையாகத் தப்பித்துக் காட்டுபவருக்கு 2,50,000 டாலர் என்று அறிவித்தார்கள்.

ரஸ்ட் மொழியில் எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. பெட்டிக்கு வெளியே விழும் 513ஆவது பைட்டை அந்த மொழி தடுத்திருக்கும். இரட்டைப் பார்வையை அது தானாகத் தடுக்காது. அங்கே தவறு நிரலாளரின் யோசனையில் இருக்கிறது. அதைவிடப் பெரிய தடை, மெய்நிகர் இயந்திரத்தின் பிறவிப் பயனோடே மோதுகிறது. புதிய மென்பொருளை ஓட்ட மட்டும் நாம் இதை வாங்கவில்லை. இருபது வருடத்துக்கு முன் எழுதிய கணக்கு மென்பொருள், நிறுத்தப்பட்ட விண்டோஸ் பதிப்பு, ஓர் ஆய்வகக் கருவியோடு மட்டுமே பேசும் நிரல் ஆகியவற்றை உயிரோடு வைத்திருக்கவும்தான் வாங்கினோம். அவற்றுக்கு அந்தப் பழைய தாய்ப்பலகை அப்படியே வேண்டும். ஃபயர்கிராக்கரில் அவை கண் விழிக்கவே விழிக்காது. பழைய மென்பொருளைக் காப்பது மதிப்புள்ள வேலை என்றே நினைக்கிறேன். பல அலுவலகங்களின் நினைவு அதில்தான் இருக்கிறது. பழையதை ஓட்டுகிறவருக்காக, பழையதே தேவைப்படாத எல்லோருடைய வீட்டிலும் அந்தப் பலகையை மாட்டி வைத்திருந்ததுதான் தவறு.

அந்தத் தவறு ஓர் இடத்தில் திருத்தப்பட்டது. வெனம் வெளியான சில மாதங்களில், 2015 ஆகஸ்டில், க்யூஎமு 2.4 பதிப்பு வந்தது. அதில் கியூ35 என்ற புதிய வகை மெய்நிகர் தாய்ப்பலகையில், பயனாளர் கேட்டால் ஒழிய ஃப்ளாப்பி கட்டுப்படுத்தியைப் பொருத்துவதில்லை என்று முடிவெடுத்தார்கள். 2019இல் வந்த 4.2 பதிப்பில் பழைய கருவிகளைப் பெரும்பாலும் உதறிய 'மைக்ரோவிஎம்' என்ற வகையும் சேர்ந்தது. ஆனால் எந்த வகை வேண்டும் என்று சொல்லாமல் க்யூஎமுவைத் தொடங்கினால் எக்ஸ்86 கணினிகளில் கிடைப்பது 1996ஆம் ஆண்டுப் பலகைதான். ஃப்ளாப்பி கட்டுப்படுத்தியும் அதோடு கூடவே வருகிறது.